வலமிருந்து இரண்டாவது டிஸ்க்

கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் சிலர் முழங்காலை நீட்டுவார்கள். என்னைப் பார்த்தால் செல்போனை நீட்டுகிறார்கள். "இதுல எடம் இல்லைன்னே சொல்லிக்கிட்டு இருக்கு செல்வி. வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிரலாம்ங்கிறான் மூத்தவன். எந்த டிஸ்க் போட்டா நல்லது?" சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தியில் நின்று கேட்டவரும் உண்டு. அவருக்குப் பின்னால் ரசக்காரர் காத்திருப்பார். "முதல்ல ஊத்துங்கண்ணே, சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்பேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். கடைசிப் பல வருஷங்கள் என் வேலை பெரும்பாலும் இந்தப் பெட்டிகளோடுதான். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிவிட்டால், அந்த வீட்டில் உள்ள எல்லார் போனும் கம்ப்யூட்டரும் படத்தையும் ஃபைலையும் அதில் போட்டு எடுத்துக்கொள்ளும். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் கடையில் 'பெட்டி' என்றால் அதுதான்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கௌரி போன வாரம் கூப்பிட்டாள். "புதுசா வந்திருக்கதுக எல்லாம், அதான் எல்லாமே க்ளவுட்ல போயிருதே, இந்தப் பெட்டிய எதுக்குப் படிக்கணும்ங்குதுகக்கா. நீங்க டீ குடிச்சுக்கிட்டே சொல்ற கதையெல்லாம் இருக்குல்ல, அத எழுதிக் குடுங்க. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்குதுக."

"நான் சொன்னப்ப நீ வாங்குனியா?" என்று கேட்டேன். சிரித்தாள். அதனால் எழுதுகிறேன்.

பேரையூரிலிருந்து மதுரைக்கு வந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். கடையில் சேர்ந்தேன். மானிட்டர் தூக்கினேன், கீபோர்டு துடைத்தேன், கம்ப்யூட்டரைப் பிரித்துத் திரும்பப் பூட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். அப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "இன்ஜினியர் இல்லையாம்மா?" என்பார்கள். "இருக்காரு, உக்காருங்க" என்று உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நானே திரும்பி வருவேன். சிலர் அப்புறமும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் சாந்தாராம் சார். சௌராஷ்டிரக் குடும்பம், கனத்த உடம்பு, மெல்லிய குரல். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் பேசுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் கஸ்டமர், தன் டிஸ்க்கைப் பற்றித்தான் ரகசியம் பேசுகிறார் என்று நினைத்து வெளிறிப்போவார். சாருடைய வீட்டம்மா கேட்டது இட்லி மாவு வாங்குவதைப் பற்றியாக இருக்கும். எனக்கு அந்த மொழியில் மாவுக்கும் தயிருக்கும் மட்டும் வார்த்தை பிடிபட்டது. அதனால் நான் பயந்ததில்லை.

சார் எந்தக் கஸ்டமரிடமும் "போச்சு" என்று சொன்னதில்லை. "வந்துரும்" என்றும் சொன்னதில்லை. "பாப்போம்" என்ற ஒரே வார்த்தையில் காலத்தை ஓட்டினார். கெட்ட சேதி சொல்லவேண்டி வந்தால் முதலில் நாற்காலி போடுவார், டீ வரவழைப்பார், ஆள் பாதி குடித்து முடித்ததும் மெதுவாக ஆரம்பிப்பார். இது ஊரில் பரவிவிட்டது. யாருக்காவது நாங்கள் சும்மா மரியாதைக்கு டீ சொன்னால்கூட, "வேணாம் சார், எதுவானாலும் இப்பவே சொல்லிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரருக்கு இதில் வருத்தம்.

பெட்டி வாங்க வருகிறவர்களிடம் சார் முதலில் கேட்கும் கேள்வி எத்தனை டெராபைட் என்பதல்ல. "எது போனா உங்க வீட்டுல அழுவாங்க?" என்பார். வீட்டுக்காரர் வருமான வரிக் கணக்கு என்பார். வீட்டம்மா, பிள்ளை முதன்முதலில் நடந்த வீடியோ என்பார். கூட வந்த மகன், ஆயிரக்கணக்கில் இறக்கி வைத்திருக்கும் சினிமாவைச் சொல்வான். "சினிமா போனா திரும்ப எறக்கிக்கலாம் தம்பி. நடந்தத திரும்ப நடக்கச் சொல்ல முடியாதுல்ல" என்று சார் கணக்கை அம்மா பக்கம் சாய்ப்பார். பெட்டிக்கு எவ்வளவு பெரிய டிஸ்க், வெளியே தனியாக வைக்கிற பிரதிக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே வந்துவிடும்.

டிஸ்க் வகையைப் பற்றி அவர் சொல்லிக் கொடுத்த விதம் இன்னும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு ஒரு எடம் படிக்க வரலைன்னா விடாது செல்வி. திரும்பத் திரும்ப முட்டிக்கிட்டே நிக்கும். பெட்டி கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, இவன் செத்துட்டான்னு முடிவு பண்ணி ஒதுக்கி வச்சிரும். பெட்டிக்குன்னே செஞ்ச டிஸ்க்கு அப்படி இல்ல. எனக்குத் தெரியல, பக்கத்துல இருக்கவனக் கேளுன்னு சட்டுனு சொல்லிரும்." இதைச் சொன்ன சார், விளாங்குடியில் ஒரு கஸ்டமர் வீட்டுக்கு என்னைப் பைக்கில் கூட்டிப் போனபோது, ஒரே தெருவை மூன்று தரம் சுற்றினார். வழி கேட்கச் சொன்னேன். "இருக்கட்டும், கண்டுபிடிச்சிரலாம்" என்றார். "சார், நீங்க சாதாரண டிஸ்க்கா, பெட்டி டிஸ்க்கா?" என்றேன். பைக்கை நிறுத்திவிட்டு வெள்ளரிக்காய் விற்றவரிடம் கேட்டார்.

இன்னொரு வகை டிஸ்க் உண்டு. அதில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். "நடுவுல ஒரு ஓடு மாத்தணும்னா, அதுக்கு மேல உக்காந்திருக்க ஓடெல்லாம் தூக்கி வைக்கணும்ல? எழுதி வச்சுட்டுச் சும்மா படிக்கிறதுக்குப் போதும். ஆனா பெட்டியில ஒண்ணு போயி, புதுசு மாட்டி, அத நெரப்புற நேரத்துல இதுக்கு மூச்சு வாங்கிரும்." டப்பாவின் மேல் அது என்ன வகை என்று பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். மாடல் எண்ணை வைத்துக் கம்பெனிக்காரர்களின் விவரத் தாளைத் தேடிப் பார்த்த பிறகே சார் வாங்குவார்.

அதையும் ஒரே கடையில் வாங்க மாட்டார். ஒன்று இங்கே, ஒன்று வேறொரு டீலரிடம் என்று பிரித்து வாங்குவார். கஸ்டமர்கள் சந்தேகப்படுவார்கள். "ஒரே நாள்ல செஞ்சு, ஒரே லாரியில குலுங்கி வந்ததுகண்ணே. ஒண்ணு படுத்தா அடுத்ததும் அதே சமயத்துல படுக்கப் பாக்கும்" என்று சமாதானம் சொல்வார். வாங்கி வந்த புது டிஸ்க்கை உடனே பெட்டியில் போடவும் விடமாட்டார். முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும். பெரிய டிஸ்க்காக இருந்தால் அதற்கே நாள் கணக்கில் ஆகும். புதுசுதானே சார் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம், "புது மாப்ளயத்தான் நல்லா விசாரிக்கணும்" என்பார். டிஸ்க்கைத் தூக்கும்போது தலை நிற்காத பிள்ளையைத் தூக்குவதுபோல அடியில் கைகொடுத்துத் தூக்கவேண்டும். ஒரு கையில் இரண்டைக் கொண்டுவந்தால் அன்றைக்குப் பேச்சு வாங்குவது உறுதி. கடைசியில், ஒவ்வொரு டிஸ்க்கும் இருக்கும் தட்டின் நெற்றியில் அதன் எண்ணை எழுதி ஒட்டவேண்டும். ஒன்று கெட்டுப்போனால் எதை உருவுவது என்று யாருக்கும் குழப்பம் வரக்கூடாது அல்லவா.

இவ்வளவும் சொல்லி அனுப்பினாலும் கஸ்டமர்கள் எங்களை ஆச்சரியப்படுத்தாமல் விட்டதில்லை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் பேரப்பிள்ளைகளின் படங்களைத் தினமும் அனுப்ப, அதற்காகப் பெட்டி வாங்கினார். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், சூடு ஆகாது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச மாதத்தில் பெட்டி படுத்துவிட்டது என்று போன் வந்தது. நேரில் போனோம். வீட்டுக்குப் பின்னால் வெற்றிலை அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். ஈரச் சாக்கின்மேல், வாழைமட்டையில் கட்டிய வெற்றிலைகளுக்கு நடுவே பெட்டி உட்கார்ந்திருந்தது. இலையோடு சேர்த்து அதற்கும் வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

"குளுந்த எடத்துல வைங்கன்னு நீதான தாயி சொன்ன. எங்க வீட்டுல இதவிடக் குளுந்த எடம் இல்ல. வெத்தலைக்கே ஆகுது, இதுக்கு ஆகாதா?" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். படங்கள் எல்லாம் மகளிடமும் இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கஸ்டமருக்குச் சொல்லும் விவரத்தில் 'குளிர்ச்சியான' என்பதோடு 'உலர்ந்த' என்ற வார்த்தையும் சேர்ந்தது. அவர் கொடுத்து அனுப்பிய வெற்றிலையைச் சார் மென்றுகொண்டே கடைக்கு வந்தார். கெட்ட சேதியை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறக்க முடியவில்லை.

இனி காஜா பாய் விஷயத்துக்கு வருகிறேன். கௌரி எழுதச் சொன்னதே இதைத்தான் என்று நினைக்கிறேன்.

காஜா பாய் தெற்கு மாசி வீதிப் பக்கம் குடியிருக்கும் கல்யாண போட்டோகிராபர். எல்லாச் சாதி, எல்லா மதக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். வீட்டு மாடியில் நாலு டிஸ்க் பெட்டி, நாங்கள் போட்டுக் கொடுத்தது. நாலில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றை வைத்துப் பெட்டி சமாளித்துக்கொள்ளும். "சமாளிக்கும்கிறது வேற, காப்பாத்தும்கிறது வேற பாய். நீங்க தப்பா ஒண்ண அழிச்சா நாலும் சேந்துதான் அழிக்கும். வெளிய தனியா ஒரு காப்பி வைங்க" என்று சார் சொல்லியிருந்தார். பாய் ஒழுங்கான மனிதர். கஸ்டமர் கல்யாணம் ஒவ்வொன்றையும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருந்தார். எடுக்காதது ஒரே ஒரு கல்யாணம். அது அவர் மகள் நஸ்ரினுடையது.

அந்தக் கல்யாணத்துக்கு வேறு யாரையும் கேமராவைத் தொடவிடாமல் பாயே எடுத்திருந்தார். மேலூருக்குக் கட்டிக்கொடுத்த நஸ்ரின் கையில் பிள்ளையோடு வந்துவிட்டாள். ஆல்பம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "பார்ட்டி வேல முடியட்டும்மா, நம்ம வீட்டு வேலதான, எங்க போயிரும்" என்பாராம். தன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதாவது தன் கல்யாண ஆல்பம் கிடைக்குமா என்று அவள் கேலி செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் பாய், அவர் மனைவி மெகருன்னிசா, இடுப்பில் பிள்ளையோடு நஸ்ரின், மூன்று பேரும் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார்கள்.

"என்ன பாய் ஆச்சு?" என்றார் சார்.

"பீப் பீப்னு கத்துச்சு சார். போன்ல பாத்தா ரெண்டாவது டிஸ்க் காலின்னு வருது. சரி, கழத்தி மாட்டிப் பாப்போம்னு ரெண்டாவத உருவுனேன்."

"எந்தப் பக்கமிருந்து ரெண்டாவது?"

பாய் யோசித்தார். அவர் வலது கை காற்றில் எண்ணியது. "இந்தப் பக்கமிருந்து" என்று வலது பக்கத்தைக் காட்டினார்.

பெட்டி எண்ணுவது இடமிருந்து. கெட்டது ஒன்று, பாய் உருவியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று. நாலில் இரண்டு இல்லை என்றதும் பெட்டி கையை விரித்துவிட்டது.

"தட்டுல நம்பர் ஒட்டியிருந்தோமே பாய்?" என்றேன்.

"பாக்க நல்லா இல்லைன்னு கிழிச்சிட்டாருக்கா" என்றாள் நஸ்ரின். "வீட்டுல ஃப்ரேம் எல்லாம் அழகா இருக்கணும் அவருக்கு."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் சார்.

"திரும்ப மாட்டுனேன். எல்லாத்தையும் புதுசாத் தயார் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன்."

"ஆமான்னு..."

"மரியாதையாத்தான சார் கேட்டுச்சு."

நஸ்ரின் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம். சார் தலையை ஆட்டியபடி மூன்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சந்துமுனையைப் பார்த்துக் கை காட்டினார், டீக்கு. மெகருன்னிசா அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் கிளம்பும்போது பாய் மட்டும் பின்தங்கி நின்றார். "சார், ரொம்பச் சிரமப்படாதீக. வரலைன்னா வரலைன்னு சொல்லிருங்க. நான் வீட்டுல பேசிக்கிறேன்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரோ ஒருவருடைய சீமந்தப் படம் போய்விட்டது என்பதற்கே எங்கள் காலைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. தன் மகள் கல்யாணத்துக்கு இவர் இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சார் வழக்கம்போலத்தான். "பாப்போம் பாய்" என்றார்.

இப்படி ஒரு பெட்டி வந்தால் சாரிடம் ஒழுங்கு ஒன்று உண்டு. புதியவர்கள் இதை மட்டுமாவது படிக்கட்டும். முதலில் பெட்டியை மின்சாரத்தோடு சேர்க்கவே கூடாது. எந்தத் தட்டு எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டி, படமும் எடுத்துவிட்டு, அதன் பிறகே உருவ வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய, நம்முடைய டிஸ்க் ஒன்றில் எழுத்துக்கு எழுத்து அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அசல் நாலும் அலமாரிக்குப் போய்விடும். சாவி சாருடைய சட்டைப் பையில் இருக்கும். வேலை முழுக்கப் பிரதியின் மேல்தான். தப்புச் செய்தால் பிரதியைத் தூக்கிப்போட்டு, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல டிஸ்க் மூன்றும் மடமடவென்று வந்தன. கெட்டது முரண்டு பிடித்தது. அதில் எளிதாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வரவேண்டும். முதல் பள்ளத்திலேயே முட்டிக்கொண்டு நின்றால் நோயாளி அங்கேயே உயிரை விட்டுவிடும். சார் அவ்வப்போது அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு ஏறியிருந்தால் நிறுத்தி ஆறவிடுவார். "அதுவும் வயசாளிதான், என்ன மாதிரி. வெரட்டுனா படுத்துரும்" என்பார்.

நாலு பிரதியையும் பழைய வரிசையில் அடுக்கிக் கணக்கைச் சேர்த்தபோது படங்கள் உள்ளே இருப்பது தெரிந்தது. ஆனால் பாய் சொன்ன அந்த 'ஆமா', அட்டவணையை அழித்துவிட்டிருந்தது. ஃபோல்டர் இல்லை, பெயர் இல்லை. எத்தனையோ வருஷக் கல்யாணங்கள் ஒன்றோடொன்று கலந்து, வெறும் எண்களாக வந்து விழுந்தன. சரி, ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி பதிந்திருக்குமே, அதை வைத்துப் பிரித்துவிடலாம் என்று வரிசைப்படுத்தினேன். பாயின் கேமராவில் கடிகாரம் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அது முதல் நாளுக்கே திரும்பிப் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் கல்யாணம் முடிந்திருந்தது.

"ஆள் வச்சுத்தான் பொறுக்கணும். அவங்க வீட்டு முகம் அவங்களுக்குத்தான் தெரியும். குடும்பத்தோட வரச் சொல்லு" என்றார் சார்.

வந்தார்கள். பின்னறையில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தோம். பிள்ளை மேசைக்கு அடியில் பழைய மவுஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு திரிந்தது. எங்கள் சர்வீஸ் பிரிவு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்தாளப் பாருங்கக்கா. அஞ்சு போட்டோவுலயும் எலையவிட்டுத் தலையத் தூக்கல" என்றாள் நஸ்ரின்.

"ஏங்க, எல்லாப் பொண்ணையும் ஒரே ஜன்னல் கம்பியப் பிடிச்சே நிக்க வச்சிருக்கீக?" என்றார் மெகருன்னிசா.

"அந்த மண்டபத்துல அந்த எடத்துலதான் லைட் நல்லா விழும்" என்றார் பாய்.

"பொண்ணுகளும் பாவம், நாடாச்சி, பிள்ளமாரு, நம்மாளுக, எல்லாம் அந்த ஒத்தக் கம்பியவே பிடிச்சிருக்குக. துரு ஏறியிருக்காது."

சாரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சேர்ந்துவிட்டார். அவருடைய அக்கா மகன் கல்யாணம் அதற்குள் கிடைத்தது. அதில் சார் தூங்கிக்கொண்டிருந்தார்.

நஸ்ரின் கல்யாணம் துண்டு துண்டாகக் கிடைக்க ஆரம்பித்தது. மருதாணி வைத்த கை, மாப்பிள்ளை வந்து இறங்குவது, பந்தி. எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவு. பாய் படம் என்றால் அப்படித்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் என் திரையில் ஒரு கொத்துப் படங்கள் வந்தன. பச்சைச் சேலை, கார், கூட்டம். எல்லாமே கலங்கியிருந்தன. டிஸ்க் கெட்ட இடத்திலிருந்து வந்தவை என்று நினைத்துத் தனியே ஒதுக்கப் போனேன். பின்னால் வந்து நின்ற சார் என் கையைத் தடுத்தார்.

"இது டிஸ்க் செஞ்ச வேல இல்ல செல்வி" என்றார் தணிந்த குரலில். "டிஸ்க் கெடுத்தா பாதிப் படம் சாம்பலாப் போகும், இல்ல கோடு கோடா வரும். நெறம் தப்பும். இது மூல முடுக்கெல்லாம் ஒண்ணு போல கலங்கியிருக்கு. ஃபைல்ல ஒரு பழுதும் இல்ல. எடுக்கும்போதே இப்படித்தான்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அறையே சின்னது. பாய் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கை மவுஸை அசைக்கவில்லை.

நஸ்ரின் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். அது அவளைக் காரில் ஏற்றி அனுப்பிய நேரம். கார்க் கதவு திறந்திருக்க, அவள் பாதி ஏறியபடி திரும்பிப் பார்க்கிறாள். முகம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கிறது. அடுத்த படமும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"இதுக்காகவா அத்தா இத்தன நாளா ஆல்பம் போடல?" என்றாள்.

பாய் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ஊர்ல இருக்க பொண்ணு எல்லாத்தையும் கார்ல ஏத்துறப்ப எடுத்திருக்கேன். ஒண்ணு தப்பல. வீட்டுப் பொண்ணு போறத ஒண்ணுகூட ஒழுங்கா எடுக்கல. லென்ஸுல என்னமோன்னு தொடச்சுத் தொடச்சு எடுத்தேன். லென்ஸு நல்லாத்தான் இருந்துச்சு. இத எப்படிம்மா ஆல்பத்துல வைக்கிறது? கார்ல ஏறுறதே இல்லாத ஆல்பத்தத்தான் எப்படிக் குடுக்குறது?"

நஸ்ரின் என் மவுஸை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் சொன்னது அவருக்குத்தான்.

"அன்னைக்கு எல்லாரும் அழுதாங்கக்கா. அம்மா அழுதாங்க, மாமா அழுதாங்க. எங்க வீட்டுக்காரரே அழுகப் பாத்தாரு. இவரு மட்டும் கேமராவ மூஞ்சியவிட்டு எறக்கவே இல்ல. ஒரு வார்த்த சொல்லல. நான் போறது இவருக்கு ஒரு பார்ட்டி வேல மாதிரி போலன்னு நெனச்சுக்கிட்டேதான் மேலூர் போய்ச் சேந்தேன்."

மெகருன்னிசா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவரை ஒரு முறை முறைத்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். மேசைக்கு அடியிலிருந்து பிள்ளை மவுஸை இழுத்துக்கொண்டு வந்து பாயின் காலைப் பிடித்தது. அவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் தலைக்குப் பின்னால் முகத்தை மறைக்க அது அன்றைக்கு உதவியாக இருந்தது. கையில் கேமரா இல்லையே.

சார்தான் பேச்சை மாற்றினார். "பாய், ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த ஆமாவத் தெரியாமத்தான் அமுக்குனீகளா?"

"அல்லா மேல ஆணையா தெரியாமத்தான் சார்" என்றார் பாய். கொஞ்சம் நிறுத்தி, "அமுக்குனப்புறம் ரொம்ப வருத்தப்படல, அது உண்மை" என்றார். முதலில் சிரித்தது நஸ்ரின்தான்.

கலங்கிய படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அதில் கார்க் கதவில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கும் படத்தை அவளே தேர்ந்தெடுத்து, ஆல்பத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். பாய் மறுத்துப் பார்த்தார். அது அவுட் ஆஃப் ஃபோகஸ், மடிப்பில் வேறு முகம் போய்விடும் என்றார். "முகமே இல்லையே அத்தா, எங்கிட்டுப் போகப் போகுது" என்றாள்.

பாய் வீட்டுக்குப் புது டிஸ்க் போட நானே போனேன். நெற்றியில் எண் எழுதி, கிழிக்க முடியாதபடி மேலே டேப்பும் ஒட்டினேன். வெளிப் பிரதி ஒன்று அவர் வீட்டில், இன்னொன்று மேலூரில் மகள் வீட்டில் என்று ஏற்பாடு ஆனது. கேமராக் கடிகாரத்தையும் சரிசெய்யச் சொன்னேன். செய்தாரா என்று தெரியாது.

சில மாதம் கழித்து, ஆல்பத்தைக் கொண்டுவந்து சாரிடமும் என்னிடமும் காட்டினார். அந்தப் பக்கம் வந்தபோது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பாய் தொழில்காரர் தோரணையில் விளக்கம் சொன்னார்.

"பாக்குற பார்ட்டி எல்லாம் இந்தப் பக்கத்துலதான் சார் நிக்கிறாக. ரெண்டு கல்யாணத்துக்கு, எங்களுக்கும் கார்ல ஏறுறது இதே மாதிரி வேணும்னு கேட்டாக. நானும் லென்ஸத் திருப்பி, கையக்கூட ஆட்டி, என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன்." ஆல்பத்தை மூடித் துணியில் சுற்றினார். "வர மாட்டேங்குது சார். எல்லாம் தெளிவாவே விழுகுது."